கொழும்பின் ஈரநிலங்களுக்கு ஏற்ற லென்ஸ்: கெனன் 55–250 எஸ்.ரி.எம்.

கொழும்பை விட்டு அதிகம் விலகாமல், வார இறுதிக் காலைகளில் நடந்து திரிந்து பறவைகளையும் தும்பிகளையும் படம் பிடிக்க விரும்பும் ஒருவர் முதலில் எந்தத் தொலைவு லென்ஸை வாங்கலாம் என்று கேட்டால், கெனன் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஈ.எஃப்.-எஸ். 55–250 மில்லிமீற்றர் ஐ.எஸ். எஸ்.ரி.எம். லென்ஸையே நான் தயக்கமின்றிச் சொல்வேன். மில்லிமீற்றர் எண் கூடக் கூடத் தொலைவிலுள்ளவை பெரிதாகத் தெரியும் என்பதால், 600 மில்லிமீற்றர் வரை எட்டும் பெரிய லென்ஸ்களின் மீது ஆசை எழுவது இயல்புதான். ஆயினும் நமது ஊரின் ஒளியையும் வெக்கையையும் நடைபாதைகளையும் அனுபவித்த பின்னர், 375 கிராம் மட்டுமே எடையுள்ள இந்தச் சிறிய லென்ஸ்தான் கையை விட்டு இறங்காமல் இருக்கிறது.

ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சர் சாசனத்தின் கீழ் 2018இல் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட முதல் 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலவத்துகொடையின் தியசரு பூங்கா, தெற்கே பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம் என எங்கு சென்றாலும் ஒரு விடயம் பொதுவானது: அங்குள்ள உயிரினங்கள் மனித நடமாட்டத்துக்குப் பழகியவை. காட்டில் நூறு மீற்றருக்கு அப்பாலேயே பறந்துவிடும் பறவையினம், இங்கே பத்துப் பதினைந்து மீற்றரில் நம்மைப் பார்த்தபடி இறகைக் கோதிக்கொண்டிருக்கும். கெனனின் ஏ.பி.எஸ்.-சி. எனப்படும் சிறிய அளவு சென்சர் கொண்ட கெமராவில் இந்த லென்ஸின் 250 மி.மீ., பழைய படச்சுருளின் அளவுக்கு நிகரான பெரிய சென்சர் கொண்ட முழுச்சட்டகக் கெமராவின் 400 மி.மீ.க்கு நிகரான பார்வைக் கோணத்தைத் தருகிறது. அப்போது பத்து மீற்றர் தொலைவில் சட்டகத்தின் அகலம் ஏறக்குறைய 90 சென்ரிமீற்றராக இருக்கும். 28 சென்ரிமீற்றர் அளவுள்ள வெண்மார்பு மீன்கொத்தி அதில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பிவிடும். அது அமர்ந்திருக்கும் கிளையும் பின்னால் உள்ள கோரைப் புல்லும் படத்தில் இடம்பெற வேண்டுமானால், இதைவிட நெருங்கிய சட்டகம் தேவையில்லை.

நாற்பது மீற்றருக்கு அப்பால் நிற்கும் செந்நாரைக்கு இது போதாது என்பது உண்மை. ஆனால் வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேலும் சதுப்பின் மேலும் சூடான காற்று அலையலையாக எழும்பத் தொடங்கிவிடும். அந்த அலைவின் ஊடாக எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸால் எடுத்தாலும் தொலைவிலுள்ள பறவையின் இறகு கூர்மையாகப் பதியாது. நீண்ட லென்ஸ் பறவையோடு சேர்த்து அந்த அலைவையும் பெருப்பித்துக் காட்டும். விடிந்ததும் சென்று, அருகில் வருவதைப் பொறுமையாக எடுப்பதே இங்கு பலன் தரும் வழி.

இந்த லென்ஸின் உண்மையான சிறப்பு, தொலைவைவிட அருகாமையில்தான் வெளிப்படுகிறது. சென்சரிலிருந்து 0.85 மீற்றர் வரை நெருங்கிக் குவியப்படுத்தலாம். உச்ச உருப்பெருக்கம் 0.29 மடங்கு. அதாவது, ஏறத்தாழ 77 மில்லிமீற்றர் அகலமுள்ள பொருள் ஒன்று சட்டகம் முழுவதையும் நிரப்பும். மரப்பாலத்தின் கைப்பிடியில் வந்து அமரும் ஐந்து சென்ரிமீற்றர்த் தும்பி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் சிறகு நரம்புகள் தனித்தனியே தெரியும். சிறகின் நுனியருகே உள்ள சிறிய கரும்புள்ளி தெரியும். கூட்டுக்கண்ணின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் உள்ள நிற வேறுபாடும் தெரியும். தும்பி எழுந்து பறந்தாலும் கவலைப்படத் தேவையில்லை. பல இனங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சிக்கே திரும்பி வருபவை. ஆகவே குச்சியின் மீது முன்கூட்டியே குவியப்படுத்தி, ஒளி புகும் துவாரத்தை எஃப்/8க்குக் குறைத்து (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும், கூர்மையாகப் பதியும் ஆழம் கூடும்), சிறகின் தளத்துக்குச் சமாந்தரமாகக் கெமராவைப் பிடித்துக் காத்திருந்தால் போதும். இதற்கென்று தனி மக்ரோ லென்ஸ் சுமக்க வேண்டியதில்லை என்பது, நடந்து திரிபவருக்குப் பெரிய நிம்மதி.

அதிர்வு தணிக்கும் (ஐ.எஸ்.) வசதியும் பாராட்டுக்குரியது. மரப்பாலங்களில் முக்காலி நிறுத்துவது வீண் முயற்சி; சற்றுத் தள்ளி ஒருவர் நடந்தாலே பலகை அதிர்ந்து படம் கலங்கிவிடும். கையில் பிடித்து, முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து எடுத்தால், அசையாது நிற்கும் கபரக்கொய்யா என்ற பெரிய நீருடும்பை 1/100 செக்கன் ஷட்டர் வேகத்தில்கூடத் தெளிவாகப் பதியலாம். பறக்கும் நீர்க்காகத்துக்கு இது உதவாது. அங்கே 1/1600 அளவு வேகம் வேண்டும்; அதற்காக ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கெமராவின் ஒளியுணர்திறன் அளவை, உயர்த்தத்தான் வேண்டும். குவியப்படுத்தும்போது லென்ஸின் முன்புறம் சுழலாததால், தாமரை இலைகளிலும் நீரிலும் பளிச்சிடும் ஒளியைக் குறைக்க 58 மி.மீ. போலரைசர் வடிகட்டியை இலகுவாகப் பயன்படுத்தலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கெமராவோடு பொருந்தும் வளையம் பிளாஸ்ரிக்கால் ஆனது. வெயில் மறைப்பைத் தனியாக வாங்க வேண்டும். நமது வெயிலில் அது இல்லாமல் சரிவராது. 250 மி.மீ.இல் அதிகபட்சத் துவாரம் எஃப்/5.6 என்பதால், அடர்ந்த நிழலின் கீழும் மழைக்கால மப்பிலும் படங்களில் மணல்போன்ற இரைச்சல் புகுந்துவிடும். தானியங்கிக் குவியம் அமைதியாகவும் துல்லியமாகவும் வேலை செய்தாலும், திடீரென்று குறுக்கே பாயும் பறவையைத் தொடர்வதில் விலையுயர்ந்த லென்ஸ்களுக்கு ஈடுகொடுக்காது. இவற்றுள் என்னை உண்மையில் கட்டுப்படுத்துவது ஒளிக் குறைவு மட்டுமே.

புதிய ஆர் வரிசைக் கெமராக்களில் இதனைப் பொருத்த அடப்டர் தேவை. ஏற்கெனவே அத்தகைய கெமரா வைத்திருப்பவருக்கு, 2023இல் வந்த ஆர்.எஃப்.-எஸ். 55–210 இன்னும் இலகுவானது. ஆனால் அதன் துவாரம் நீண்ட முனையில் எஃப்/7.1 மட்டுமே. ஒளி குறைந்த காலைகளை விரும்பும் நான், அடப்டருடன் பழைய லென்ஸையே தெரிவு செய்வேன்.

கொழும்பில் எந்த லென்ஸை வைத்திருப்பவரும் அஞ்ச வேண்டியது ஈரப்பதனையும் அதனால் கண்ணாடியில் வளரும் பூஞ்சணத்தையும்தான். நடை முடிந்ததும் துணிப்பையிலேயே விட்டுவிடாமல், சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பது அவசியம். குளிரூட்டிய அறையிலிருந்து புறப்படுவதாயின், கெமரா வெளி வெப்பத்துக்குப் பழகும்வரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் கண்ணாடியில் உடனே நீர் படியும். பாவித்த லென்ஸ் வாங்குபவர் விலை பேசுவதற்கு முன், இரு பக்க மூடிகளையும் கழற்றி, துவாரம் முழுதாகத் திறந்திருக்க, பின்புறமிருந்து சிறிய டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி நூல்போல மெல்லிய இழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.