"பலகை அறுக்கும் செட்" என்று என் தலையில் கட்டியது

காற்றில் சாய்ந்த மரம் ஒன்று கிடந்தது. விறகாக்க மனசு வரவில்லை, நாமே பலகை அறுத்துக்கொள்ளலாம் என்று செயின்சா தேடினேன். விற்றவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: கட்டை எவ்வளவு அகலம்? 28 அங்குலம் என்றேன். "அப்படின்னா 36 அங்குல பார், 72 சிசி மெஷின், மில்லிங் செயின், மேலே பிடிக்கிற சட்டம். எல்லாம் சேர்ந்த செட்டாவே எடுத்துக்குங்க சார், யோசிக்க வேண்டாம்" என்றார். நானும் யோசிக்கவில்லை.

பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. அதன் நீளத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. மெஷினைக் கட்டை மேல் நேராக நகர்த்த உதவும் சட்டத்தின் பிடிப்புகளே பாரில் நாலு முதல் ஆறு அங்குலத்தைத் தின்றுவிடும். கட்டையின் அகலத்தைவிட நீளமான பார் வேண்டும்தான். ஆனால் அந்த நீளத்தை இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு வேண்டுமே, அங்கேதான் ஏமாந்தேன்.

முதல் பலகை முக்கால்வாசி வருவதற்குள் மூன்று முறை மெஷின் திணறி நின்றது. வந்த பலகையோ அலை அலையாக இருந்தது, ஒரு பக்கம் ஒரு அங்குலக் கனம், மறுபக்கம் ஒன்றரை. "புதுசு சார், ஓடஓடப் பழகிடும்" என்றார் போனில். ஓட்டினேன். மூன்றாவது பலகையில் பிஸ்டன் இறுகிப்போனது.

பிரித்துப் பார்த்த பிறகுதான் கதை வெளியே வந்தது. சிலிண்டரின் விட்டம் 45 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 34. விட்டத்தின் வர்க்கத்தை 0.785-ஆல் பெருக்கி, அதை 34-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 54 சிசி. மூடியில் பெரிதாக அச்சிட்டிருந்த 72 வெறும் ஸ்டிக்கர்! விவரப் பட்டியலில் இந்த இரண்டு அளவையும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். குறுக்கே துண்டு போடுவதற்கு 54 சிசி நல்ல மெஷின்தான். நெடுக்கே அறுப்பது வேறு வேலை: பல் முழு அகலத்துக்கும் நார்களின் முனையையே வெட்டிக்கொண்டு போக வேண்டும், எஞ்சின் பல நிமிடம் மூச்சு விடாமல் முழு வேகத்தில் ஓட வேண்டும். இந்த அகலத்துக்கு 90 சிசியாவது இருந்தால்தான் நிம்மதி. கார்புரேட்டரில் முழு வேக எரிபொருளைக் கட்டுப்படுத்தும் எச் திருகைச் சற்றே திறந்து கலவையை ரிச்சாக, அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக, வைக்க வேண்டும் என்பதையும் பிஸ்டன் போன பிறகே தெரிந்துகொண்டேன். அது என் தப்பு, அவர் மேல் போடவில்லை.

செயின் கதை இன்னும் மோசம். நெடுக்கு அறுப்புக்கான செயினில் பல்லின் மேல்முனை ஏறக்குறைய 10 டிகிரியில் தீட்டியிருக்கும். எனக்கு வந்ததில் 30, அதாவது எல்லா மெஷினிலும் வருகிற சாதாரணக் குறுக்குவெட்டுச் செயின். பெட்டியின் மேல் மட்டும் 'மில்லிங்', அதாவது நெடுக்கு அறுப்புக்கானது என்று. சரி, அரத்தால் ராவி மாற்றிக்கொள்ளலாம், பொறுமை இருந்தால் முடியும். அலை அலையாக வந்ததற்குக் காரணம் அதுவும் இல்லை. பாரில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் செயின் ஓடும் காடியின் அகலம் பொறித்திருந்தது, 1.6 மி.மீ. அந்தக் காடிக்குள் போகும் செயினின் உள்பல்லை வெர்னியரில் அளந்தேன், 1.3. காடிக்குள் செயின் செருப்புக்குள் சின்னக் கால் மாதிரி ஆடியிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் வெட்டு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மாட்டும்போதே செயினைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிட்சையும் பாருங்கள்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதிதான் பிட்ச். அது செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோடும் பாரின் மூக்குச் சக்கரத்தோடும் ஒத்துப்போக வேண்டும்.

பார் முனை சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அந்த மெஷினின் ஆயில் பம்ப் 36 அங்குலத்துக்கு எண்ணெய் தள்ளவே தள்ளாது. மூக்கை ஒரு அட்டைக்கு நேரே காட்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். எனக்கு ஒரு சொட்டும் விழவில்லை. நீளமான பார் என்றால் முனையில் தனியாக எண்ணெய் சொட்டவிடும் ஏற்பாடு வைத்துக்கொள்வார்கள், செட்டில் அதுவும் கிடையாது.

வாரண்டி கேட்டுப் போனேன். கையேட்டைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினார்: இந்த மாடலுக்கு அதிகபட்ச பார் 20 அங்குலம். "நீங்க 36 போட்டு ஓட்டியிருக்கீங்க, வாரண்டி செல்லாது."

அந்த 36-ஐ ஒரே பில்லில், ஒரே பெட்டியில் கொடுத்தவரே அவர்தான். பில்லை எடுத்து நீட்டினேன். "அது ஆக்சஸரிஸ் சார்" என்றார்.