உப்புக்காற்றில் ஓர் இடைக்காலப் பூட்டு: ஆறு மாதப் பாவனைக்குப் பின்

மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் வீட்டில், அம்மம்மாவின் சீதனத்தோடு வந்த முதிரை மரப் பெட்டகம் ஒன்று உள்ளது. அதன் பித்தளை நாதாங்கி இன்றும் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. அதில் தொங்கிய ஆமைப்பூட்டு மட்டும் எப்போதோ துருவேறிக் கழன்று போயிற்று. அந்த இடத்தில் சந்தையில் விற்கும் மலிவுப் பூட்டொன்றைத் தொங்கவிட மனம் ஒப்பவில்லை. ஆகவே சென்ற புரட்டாதியில், இடைக்கால ஐரோப்பியப் பூட்டுகளைப் பார்த்துப் பிரதி வார்த்து இணையத்தில் விற்கும் வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து, வெண்கல உருளைப் பூட்டு ஒன்றைத் தபாற்செலவு உட்பட 14,600 ரூபாய்க்கு வரவழைத்தேன்.

இந்தப் பிரதிக்கு மூலமான பூட்டுகள் இங்கிலாந்தின் உழவு வயல்களில், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் மெட்டல் டிடெக்டர் கருவியோடு நடப்பவர்களின் கையில் அகப்படுபவை. அவர்கள் கண்டெடுப்பவற்றைப் பதிவு செய்வதற்காக 1997 இல் தொடங்கப்பட்ட போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற திட்டத்தின் பதிவுகளில், விரலளவே நீளமுள்ள செப்புக்கலவைப் பூட்டுகளைப் பார்க்கலாம். நகைப் பேழைக்கும் சிறு பெட்டிக்கும் போட்டவை போலும். வாசற்கதவுக்கு அவை காணாது. அக்காலத்தில் இரும்புப் பூட்டும் தாராளமாகப் புழங்கியிருக்க, அகப்படுபவற்றில் அலங்காரச் செப்புப் பூட்டுகள் இவ்வளவு கண்ணில் படுவதற்குக் கருவியும் ஒரு காரணம். ஆணி, இலாடம், கலப்பைத் துண்டு என்று வயலெங்கும் இரும்பு கிடப்பதால், தேடுபவர்கள் பலர் இரும்பின் ஒலியை ஒதுக்கிவிடும்படி கருவியைச் சரிசெய்துகொண்டே நடக்கிறார்கள். இரும்புப் பூட்டு மண்ணுக்குள்ளேயே துருவாகிக் கரைய, செப்புப் பூட்டு மட்டும் மேலே வருகிறது. அதுவும் பெரும்பாலும் உடல் மட்டும்தான். நாதாங்கியில் கோக்கும், கழற்றி எடுக்கக்கூடிய தாழ்க்கம்பி வேறெங்கோ போயிருக்கும்.

பூட்டின் இயக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எனது குறையும் நிறையும் அதில்தான் இருக்கின்றன. நமது ஆமைப்பூட்டில் திறப்பை நுழைத்துத் திருப்புகிறோம். இதில் திருப்புதல் என்பதே இல்லை. உடல் ஓர் உருளை. அதற்கு மேலே, ஒட்டினாற்போல் மெல்லிய குழாய் ஒன்று ஓடுகிறது. தாழ்க்கம்பி லாடம்போல வளைந்தது. அதன் ஒரு கை நாதாங்கி வளையத்தின் ஊடாக மேற்குழாய்க்குள் செல்ல, வில்தகடுகள் பொருத்திய மறு கை உருளைக்குள் செல்கிறது. வாயைக் கடக்கும்போது ஒடுங்கும் தகடுகள் உள்ளே போனதும் விரிந்து கொள்வதால், பிறகு எவ்வளவு இழுத்தாலும் கம்பி வெளியே வராது. திறப்பு என்பது, நுனியில் துளையிட்ட சிறு தகடு. அதை உருளையின் மறுமுனையிலுள்ள வெட்டு வழியாகச் செருகித் தள்ளினால், துளைக்குள் அகப்பட்ட வில்தகடுகள் மறுபடி ஒடுங்கி, கம்பி கழன்று கையோடு வந்துவிடும். பூட்டும்போது எழும் 'டிக்' என்ற ஒலிக்காகவே என் மகளின் பிள்ளைகள் முதல் வாரம் முழுவதும் பெட்டகத்தைப் பூட்டிப் பூட்டித் திறந்தார்கள்.

அலங்காரத்துக்கு அரை மதிப்பெண்தான் தருவேன். உடல் முழுவதும் வட்டமும் நடுவில் புள்ளியுமான கோலம் மூன்று வரிசையாக ஓடுகிறது; அந்தக் காலத்து எலும்புச் சீப்பிலும் தாயக்கட்டையிலும் காணப்படும் அதே கோலம். முற்காலத் தொழிலாளி கவை நுனியுள்ள துரப்பணத்தால் ஒவ்வொன்றாகக் கடைந்திருப்பான். ஆகவே புள்ளி ஆழமாகவும், வட்டங்கள் இங்கொன்று அங்கொன்று ஒன்றோடொன்று முட்டியும் இருக்கும். பிரதியில் எல்லாம் அச்சில் வார்த்தவை. விளிம்புகள் தேய்ந்த நாணயம்போல மழுங்கி, இடைவெளிகள் அளவுகோல் வைத்தாற்போல் ஒரே சீராக இருக்கின்றன. பழமை காட்டுவதற்காகப் பூசிய பச்சையும் வெறும் பூச்சுத்தான். குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் பழப்புளி தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்ததும் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. (உண்மையான பழைய பூட்டில் யாரும் இதைச் செய்துவிடக் கூடாது, களிம்போடு சேர்ந்து கோலமும் போய்விடும்.)

பெரிய குறை கார்த்திகையில் வெளிப்பட்டது. மாரி தொடங்கி மூன்று கிழமைக்குள் திறப்பு பாதி தூரம் சென்று நின்றுவிட்டது. காணி உறுதியும் அம்மம்மாவின் கூறைச் சேலையும் உள்ளே. உறுதியைக் கொண்டுசெல்ல வேண்டிய நாளோ மறுநாள். இரவு முழுவதும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் திறப்பின் பின்புறத்தை மரக்கட்டையால் மெல்ல மெல்லத் தட்டித்தான் திறந்தோம். வெளியே வந்த கம்பியைப் பார்த்ததும் காரணம் விளங்கியது: 'முழுவதும் வெண்கலம்' என்று விற்ற பூட்டின் வில்தகடுகள் சாதாரண உருக்கு. உப்புக்காற்றில் துரு பொருமி, தகடுகள் இரட்டிப்புத் தடிப்பாகி, திறப்பின் துளைக்குள் நுழைய முடியாமல் நின்றிருக்கின்றன. விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதினேன்; ஈரமில்லாத இடத்தில் பாவிக்கும்படி அறிவுரை வந்தது. மட்டக்களப்பில் மார்கழி மாதத்தில் ஈரமில்லாத இடம் எது என்று திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

பூட்டைக் காப்பாற்றியவர் எங்கள் பகுதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். அவர் உருக்குத் தகடுகளை அகற்றிவிட்டு, பழைய பிளக் பேஸ் ஒன்றுக்குள் இருந்த பித்தளைத் தகட்டை வெட்டி, சூடு காட்டாமல் பட்டடையில் வைத்து அடித்து அடித்து இறுக்கி, விரலால் அமுக்கினால் துள்ளும் பதத்துக்குக் கொண்டுவந்து தறைந்து கொடுத்தார். கூலி 1,500 ரூபாய். விற்பனையாளர் தொடக்கத்திலேயே இதைச் செய்திருந்தால் நான் குறை சொல்ல இடமே இருந்திராது. மாசி, பங்குனி கடந்தும் இப்போது பூட்டு எண்ணெய் கேட்காமல் ஓடுகிறது.

அதே கடையில், 'வயலில் கண்டெடுத்த உண்மைப் பூட்டு' என்ற பெயரில் இதைப்போல ஐந்து மடங்கு விலைக்கு ஒன்று இருந்தது. எந்த வயல், எந்த ஊர், பதிவு இலக்கம் உண்டா என்று கேட்டேன். 'ஐரோப்பா' என்ற ஒற்றைச் சொல்தான் விடையாக வந்தது. இங்கிலாந்தில் பொன்னோ வெள்ளியோ கலவாத இத்தகைய தனிப்பூட்டு, 1996 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் 'புதையல்' என்ற வரையறைக்குள் பொதுவாக வராது. எடுத்தவர் அதைப் பதிவு செய்வது அவர் விருப்பம். பதிவு செய்த பூட்டு எந்த வயலில், எவற்றோடு கிடந்தது என்பதையாவது சொல்லும். பதிவில்லாதது எனக்கு வெறும் வெண்கல எடைதான். ஆகவே வாங்கவில்லை. இதைப் படித்துவிட்டு நமது பக்கத்துக் காடுமேட்டில் கருவியோடு இறங்கலாம் என்று எண்ணும் தம்பிமாருக்கும் ஒன்று: 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, இங்கே மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம்.

பெட்டகத்துக்கோ பூசையறைப் பேழைக்கோ அழகுக்காகப் போட விரும்புபவர்கள் இந்தப் பிரதியை வாங்கலாம். ஆனால் வில்தகடு எந்த உலோகம் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பின் பணம் அனுப்புங்கள். இரண்டாவது திறப்பையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். எனக்கு வந்தது ஒன்றுதான். பஸ் நிலையத்தடியில் திறப்பு வெட்டும் தம்பியிடம் கொண்டுபோனபோது, அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து இருபுறமும் பார்த்துவிட்டு, "இதில பல்லு எங்க ஐயா?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். மாற்றுத் திறப்பையும் அதே பட்டறைக்காரர்தான் இப்போது அரத்தால் அராவிக்கொண்டிருக்கிறார்.