புரோலாக்டின் மிகைக்கு எந்த மருந்து: புரோமோகிரிப்டினா, கேபர்கோலினா?

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினை அளவுமீறிச் சுரக்காமல் அடக்கி வைப்பது மூளையிலிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள். புரோமோகிரிப்டினும் கேபர்கோலினும் அந்த டோபமைனைப் போலவே செயல்பட்டு, மாதவிடாய் நின்றுபோதல், கர்ப்பமின்றிப் பால் சுரத்தல், கருத்தரிக்க இயலாமை, ஆண்களிடம் பாலுணர்வு குறைதல் ஆகிய தொல்லைகளைத் தீர்க்கின்றன. பிட்யூட்டரியில் கட்டி இருந்தால் அதையும் பெரும்பாலும் சுருக்கிவிடுகின்றன.

வேறுபாடு, அவை உடலில் தங்கும் காலத்தில் தொடங்குகிறது. புரோமோகிரிப்டினை நாள்தோறும், பெரும்பாலும் ஒரு வேளைக்கு மேல், உட்கொள்ள வேண்டும். கேபர்கோலினின் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 65 மணி நேரம் என்பதால், வாரத்திற்கு ஓரிரு முறை போதும். 459 பெண்களிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், கேபர்கோலின் பெற்றவர்களில் 83 சதவீதத்தினருக்கும் புரோமோகிரிப்டின் பெற்றவர்களில் 59 சதவீதத்தினருக்கும் புரோலாக்டின் இயல்பு நிலைக்கு வந்தது. பக்கவிளைவு தாளாமல் மருந்தை நிறுத்தியோர் முறையே 3, 12 சதவீதம். என் பார்வையில் இந்த இரண்டாவது கணக்கே முக்கியமானது: குமட்டலும், எழுந்து நிற்கும்போது வரும் தலைச்சுற்றலும் ஒருவரை மாத்திரையிலிருந்து விலக்கிவிட்டால், அதன் ஆற்றலால் அவருக்குப் பயனில்லை. ஆகவே பெரும்பாலானோருக்குக் கேபர்கோலினையே முதலில் கருத வேண்டும்.

கேபர்கோலின் இதய வால்வுகளைத் தடிக்கச் செய்யும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. அந்தப் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது, பார்க்கின்சன் நோய்க்காக நாள்தோறும் சில மில்லிகிராம் உட்கொண்டவர்களிடம். புரோலாக்டின் சிகிச்சையிலோ வாரம் முழுவதற்கும் அரை முதல் இரண்டு மில்லிகிராமே வழக்கம். அளவு உயர்ந்தாலோ சிகிச்சை பல ஆண்டுகள் நீண்டாலோ எக்கோ பரிசோதனை தேவைப்படலாம். சூதாட்டம் போன்றவற்றில் கட்டுப்படுத்த முடியாத நாட்டம் ஏற்படக்கூடும் என்பதால், இரு மருந்துகளிலும் அதைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும்.

கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்குப் புரோமோகிரிப்டின் இன்னும் பழையதாகிவிடவில்லை. அது உடலை விட்டு விரைவில் நீங்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அதன் பாதுகாப்பு குறித்த அனுபவமும் மிகுதி. கேபர்கோலின் குறித்த தரவுகளும் இதுவரை ஆறுதலளிப்பவையே.

தைராய்டு குறைபாட்டாலோ ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்தாலோ புரோலாக்டின் உயர்ந்திருந்தால், இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. முதலில் காரணத்தைக் கவனிக்க வேண்டும். மனநல மருந்தைத் தாமாக நிறுத்துவதும், டோபமைன் வகை மருந்தைத் தாமாகச் சேர்ப்பதும் மனநோயைத் தீவிரமாக்கக்கூடும்.