நிதி திரட்ட ஓடும் புதியவருக்கு ஏற்றது எது? சென்னை முழு மாரத்தான், ஆரோவில் அரை மாரத்தான், கடலூர்–புதுச்சேரிச் சாலை

கடலூர் துறைமுகப் பகுதியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறு அறக்கட்டளைக்கு ஓடி நிதி திரட்டித் தர வேண்டும் என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். அதற்கு முன் பேருந்தைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் அறியாதவன் நான். என் முன் மூன்று வழிகள் இருந்தன. ஜனவரியில் சென்னையில் நடைபெறும் மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் ஓடுவது ஒன்று. பிப்ரவரியில் ஆரோவிலின் செம்மண் பாதைகளில் நடைபெறும் ஓட்டத்தில் 21.1 கிலோமீட்டர் ஓடுவது இன்னொன்று. எவருடைய ஏற்பாட்டுக்கும் காத்திராமல், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி காந்தி சிலை வரை நண்பர்கள் சிலரோடு நாமே ஓடிவிடுவது மூன்றாவது. மூன்றையும் பல மாதங்கள் எடைபோட்டுப் பார்த்தவன் என்ற முறையில், இதே எண்ணத்தோடு இருக்கும் இந்தப் பகுதிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். எங்கள் கரையில் மற்ற எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது. முழு மாரத்தானுக்கு ஆயத்தமாகும் புதியவர் வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம் ஓடி, அந்தத் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பாக 28 முதல் 32 கிலோமீட்டர் வரை கொண்டுவந்துவிட வேண்டும். போட்டி ஜனவரித் தொடக்கத்தில் என்றால், அந்த மிக நீண்ட ஓட்டங்கள் அனைத்தும் நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும், அதாவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து விழும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. இப்படிப்பட்ட பெரும்புயல் வராத ஆண்டில்கூட, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மழைக்கு இழந்தவர் மூன்றாவது ஞாயிறன்று அதை ஈடுகட்ட ஒரேயடியாகத் தூரத்தைக் கூட்டுவார். புதியவர்களுக்குக் காயம் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பிப்ரவரியில் அரை மாரத்தான் ஓடுபவருக்கு இந்த நெருக்கடி இல்லை. அவருடைய மிக நீண்ட ஓட்டம் 16 முதல் 18 கிலோமீட்டர் போதும்; அது தை பிறந்த பிறகு, மழை ஓய்ந்து விடியற்காலையில் பனி இறங்கும் நாட்களில் அமையும். நவம்பரில் அவர் ஓட வேண்டியது 8, 10 கிலோமீட்டர் மட்டுமே என்பதால், மழை விட்ட ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

அடுத்தது நேரமும் இடமும். புதியவர் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால் 18 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிடமும், 30 கிலோமீட்டருக்கு முழுதாக நான்கு மணி நேரமும் ஆகும். புதுச்சேரி கடற்கரைச் சாலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை அங்கே வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. அதிகாலை நாலரைக்குத் தொடங்குபவர் ஆறு முறை போய்வந்து 18 கிலோமீட்டரை ஏழு மணிக்குள் முடித்துவிடுவார். 30 கிலோமீட்டர் ஓட வேண்டியவர் அதே நேரத்தில் தொடங்கினால் எட்டரை வரை ஓடிக்கொண்டிருப்பார். கடைசி ஒரு மணி நேரம் வாகனங்களோடும் வெயிலோடும் கழியும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை கொட்டுமே தவிர உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. ஆகவே கூடுதலாகும் அந்த ஒன்றரை மணி நேரத்தை வெறும் தூரக் கணக்காகப் பார்க்கக் கூடாது; அது உடல் வெப்பத்தின் கணக்கு. உடலில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அளவில் பலருக்குத் தீர்ந்துபோகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரை மாரத்தான் ஓடுபவர் அந்த எல்லைக்கே போவதில்லை.

தரையைப் பொறுத்தவரை ஆரோவிலின் செம்மண் பாதை தார்ச்சாலையைவிட மென்மையானது, நிழலும் உண்டு. ஆனால் வேர்களும் பள்ளங்களும் இருப்பதால் பார்த்து ஓட வேண்டும். பயிற்சி முழுவதையும் கடற்கரைச் சாலையில் செய்துவிட்டுப் போட்டியன்று முதன்முதலாக மண்ணில் கால் வைப்பது நல்லதல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது மண்பாதையில் ஓடிப் பழக வேண்டும். கடலூர்க்காரர்கள் பலர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலில் ஓடத் தொடங்குகிறார்கள். தளர்ந்த மணல் குதிகாலையும் கெண்டைக்காலையும் மிகுதியாக இழுக்கும். முதல் சில மாதங்களுக்கு அங்கே நடப்பதோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

மூன்றாவது வழி மனத்துக்கு மிகவும் பிடித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சாலைத் தூரம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அதாவது அரை மாரத்தானைவிடச் சற்றே அதிகம். தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நன்கொடை தந்தவர்களின் வீட்டு வாசல் வழியாகவே ஓடலாம். நுழைவுக் கட்டணமும் இல்லை, பயணச் செலவும் இல்லை. ஆனால் இந்தச் சாலையில் தினமும் பேருந்தில் போய்வருபவன் என்பதால் அதன் இயல்பு எனக்குத் தெரியும். விடியுமுன்பே பேருந்துகளும் சரக்கு லாரிகளும் ஓடத் தொடங்கிவிடும். பல இடங்களில் ஓட்டக்காரர் ஒதுங்குவதற்குச் சாலையோரம் என்று ஒன்றே கிடையாது. வழியின் ஒரு பகுதி தமிழ்நாடு, மீதி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் இரண்டு காவல் துறைகளிடம் அனுமதி பெற வேண்டும். தண்ணீர், முதலுதவி, மயங்கி விழுந்தால் ஏற்றிச் செல்ல வண்டி எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேருக்காக இவ்வளவையும் ஏற்பாடு செய்யும் உழைப்பை நிதி திரட்டுவதிலேயே செலவிடலாம். சொந்த ஏற்பாட்டில்தான் ஓடுவேன் என்பவர், வாகனமில்லாத நேரத்தில் கடற்கரைச் சாலையிலேயே ஏழு முறை போய்வந்தால் 21 கிலோமீட்டர் ஆகிவிடும். நன்கொடையாளர்கள் ஓரமாக நின்று பார்க்கவும் அது வசதி.

எப்படி ஓடுவது என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. நிற்காமல் ஓடுவது, ஓட்டத்தின் இடையிடையே திட்டமிட்டு நடப்பது என்ற இரண்டில், புதியவர் இரண்டாவதையே தேர்ந்துகொள்ள வேண்டும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலவே, 1970-களிலிருந்து புதியவர்களுக்குக் கற்பித்துப் பரவலாக்கிய முறை இது. இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தாலும் தூரம் தூரம்தான். களைத்த பிறகு நடக்காமல், முதல் கிலோமீட்டரிலிருந்தே நடக்க வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். நாற்பதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களும் முதல் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். முழு மாரத்தான் என்றால்தான் மக்கள் கொடுப்பார்கள், பாதித் தூரம் ஓடினால் பாதிதான் வரும் என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் முதலில் முழு மாரத்தானுக்கே பயிற்சியைத் தொடங்கி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று உறவினர்களிடமும் நண்பர்களிடமும் வாக்குறுதியும் வாங்கினேன். பிறகு வாரத்துக்கு 15 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை மூன்றே வாரத்தில் 30 ஆக்கினேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்த பிறகும், ஓடாத ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தப் பிள்ளைகளின் பணம் என்ற எண்ணத்தில் மேலும் பத்து நாள் ஓடினேன். அதன் பலனாக ஒரு மாதம் முழுவதும் ஓட முடியாமல் போயிற்று. கிலோமீட்டர் கணக்கில் நன்கொடை கேட்பதில் உள்ள ஆபத்து இதுதான்: நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த விடாது. தொகையை மொத்தமாகக் கேட்டு, ஓட்டத்துக்கு முன்பே அறக்கட்டளையில் செலுத்தச் சொல்லிவிட்டால் அந்தச் சுமை காலிலிருந்து இறங்கிவிடும்.

தூரம்தான் பணத்தைத் தருகிறது என்பதற்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்தக் கனடா இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 1980 ஏப்ரலில் தொடங்கி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். ஆனால் அவர் அதற்கு முன் பதினான்கு மாதங்கள் பயிற்சி செய்தவர். நாட்டைக் குறுக்காகக் கடந்து முடிக்கவும் அவரால் இயலவில்லை. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த நேர்ந்தது. அவர் நின்ற பிறகும் பணம் வந்துகொண்டே இருந்தது. 1981 பிப்ரவரிக்குள் திரண்ட தொகை 2.4 கோடி டாலரைக் கடந்தது. ஓடி முடிக்காத தூரத்துக்காக எவரும் பணத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. என் அனுபவமும், மிகச் சிறிய அளவில், இதையே சொல்கிறது. அரை மாரத்தானுக்கு மாறிவிட்டேன் என்று வாக்களித்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிவித்தபோது ஒருவர்கூடத் தொகையைக் குறைக்கவில்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், விளக்கு வசதி எப்படி என்பதைத்தான் கேட்டார்கள்.

பணத்தை வாங்கும் வழியிலும் ஒப்பீடு தேவைப்படுகிறது. என்னுடைய யுபிஐ எண்ணுக்கே அனுப்பச் சொல்வது எளிது; ஆனால் அது என் வருமானமா, அறக்கட்டளையின் நன்கொடையா என்ற கேள்வி எழும், கொடுத்தவருக்கு ரசீதும் கிடைக்காது. அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பினால், நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவை (80ஜி என்று அறியப்படுவது) அது பெற்றிருக்கும் பட்சத்தில், பழைய வரிமுறையைப் பின்பற்றுபவர்கள் சலுகை கோரலாம். புதிய வரிமுறையில் அது கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் சலுகை இல்லை. நுழைவுக் கட்டணம், ஷூ, சென்னை சென்றுவரும் செலவு, தங்கும் அறை ஆகியவற்றில் ஒரு ரூபாயும் நன்கொடையிலிருந்து போகக் கூடாது என்று நான் கருதுகிறேன். அந்தக் கணக்கிலும், காலையில் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் ஓடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய ஆரோவில்தான் முன்னே நிற்கிறது.

புதுச்சேரிக் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்களில் பலருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினர்கள் பாரிஸிலும் பிற ஊர்களிலும் இருக்கிறார்கள். ஓட்டம் என்றதும் முதலில் கைகொடுக்க முன்வருபவர்களும் அவர்கள்தான். என் சித்தப்பா, "கணக்கு எண்ணை மட்டும் அனுப்பு தம்பி, இன்றே போட்டுவிடுகிறேன்" என்றார். ஆனால் அயல்நாட்டுக் குடியுரிமை உள்ளவர் தரும் பணம், அவர் நம் இரத்த உறவே ஆனாலும், அறக்கட்டளையைப் பொறுத்தவரை அயல்நாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். அதுவும், 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பின், பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நான் ஓடிய சிறு அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு கிடையாது. ஆகவே சித்தப்பாவிடம் நிலைமையை விளக்கி மறுத்துவிட்டேன். அந்தத் தொகை வராமல் போனதில் இன்றும் வருத்தம்தான்.

முழு மாரத்தானை நான் ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. வலியில்லாமல் இரண்டு அரை மாரத்தான்கள் ஓடி முடித்து, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடுவது ஆறு மாதமாவது வழக்கமாகிவிட்டவர், மழைக்காலத்துக்கு வெளியே நீண்ட ஓட்டங்களை வைத்துக்கொள்ள முடிந்தால், அதே ஆரோவிலில் பிப்ரவரி முழு மாரத்தானுக்குப் பதிவு செய்யலாம். எனக்கு இதுவரை ஓர் அரை மாரத்தான்தான் ஆகியிருக்கிறது. வரும் பிப்ரவரியிலும் 21.1 கிலோமீட்டர்தான் ஓடப்போகிறேன். நன்கொடைக் கடிதத்திலும் அந்தத் தூரத்தையே எழுதியிருக்கிறேன்.