உப்புக்காற்றில் 14 வருடம்: எங்கள் வீட்டுத் திருவிவிலியம்

2011-இல் மதுரையில் வாங்கியது. கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, ரெக்சின் அட்டை. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம்தான். முதுகிலிருந்த பொன்னெழுத்து இரண்டே வருடத்தில் உதிர்ந்தது. ஈரக்காற்றில் தாள் பிசுபிசுக்கும்; விசிறிக்கடியில் விரித்துவைத்தால் சரியாகிவிடும். தையல் இன்றுவரை விடவில்லை. அடிக்குறிப்பு எழுத்து மட்டும் ரொம்பச் சின்னது.

அதிகம் அழுக்கேறிய பக்கம் லூக்கா 12. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன் அன்றிரவே சாகிற உவமை. அந்தப் பக்கத்தில் ஓர் அடகுச்சீட்டு கிடக்கிறது. இரண்டாவது படகு வாங்க மனைவியின் 11 பவுனை வைத்த சீட்டு, நகை திரும்பவேயில்லை. இறால் நல்ல விலைக்குப் போன வருடம் அது. இனி நமக்கென்ன குறை என்று இருந்தேன். ஒரு கார்த்திகை இரவு, வாடைக்காற்றில், வடகடலில் நிறுத்தியிருந்த அந்தப் படகு பாறையில் மோதி உடைந்தது. பிறகு முங்கிப் பார்த்தால் நங்கூரம் போட்ட இடத்திலேயே பிடித்துக் கிடந்தது. அறுந்தது கயிறு.

அப்புறம்தான் எபிரேயர் 6:19 எனக்குள் இறங்கியது. எதிர்நோக்கை உள்ளத்தின் நங்கூரம் என்கிறது அது. நம் நங்கூரம் சேற்றுக்குள் போகும். இது திரைக்கு அப்பால், கடவுள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. பிடித்திருக்கிறதா என்பது கயிற்றில் கைவைத்தால்தான் தெரியும்.

எதிர்நோக்கு! இந்தச் சொல்லுக்காகவே இந்த மொழிபெயர்ப்பை விடமாட்டேன். கத்தோலிக்கத் திருச்சபை கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டு முழுக்கக் கோயிலில் இதே சொல்தான். 1 திமொத்தேயு 6-இல் பவுல் பணத்தைக் கடலில் எறியச் சொல்லவில்லை. நிலையில்லாத அதை நம்பியிராதே, கடவுளை எதிர்நோக்கு, தாராளமாகக் கொடு என்கிறார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் வருமானம் கிடையாது. முன்பெல்லாம் அந்த நாட்களில் தூக்கம் வராது. இப்போது இருக்கிற அரிசியில் பக்கத்து வீட்டுக்கும் ஒரு படி போகிறது, தூக்கமும் வருகிறது.

அம்மா 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து கட்டிய சேலையோடு வந்தவர். இன்று கூரையில்லாமல் நிற்கிற அந்தக் கோயிலில்தான் அவருக்குத் திருமுழுக்கு. படிக்கத் தெரியாது. பணக்காரன் கதையை நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "அந்தக் காக்கா வசனத்தையும் வாசிய்யா" என்பார். விதைக்காத காக்கைக்கும் கடவுள் உணவளிக்கிறார் என்று அதே அதிகாரத்தில் வருகிற வசனம்.

மகள் கல்யாணத்துக்கு இதேபோல் இன்னொன்று வாங்கப்போகிறேன். அடகுச்சீட்டு பழையதிலேயே இருக்கட்டும்.