34,000 ரூபாய்க்கு 1050 டிஐ என்று தந்தார்கள். உள்ளே இருப்பது 2011 ஆம் ஆண்டுச் சிப்

வன்னியில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்து எடிட்டிங் செய்கிற தம்பிமாரும் தங்கைமாரும் கட்டாயம் வாசியுங்கள். விஜிஏ கார்ட் (கணினியின் கிராபிக்ஸ் கார்ட்) என்ற பெயரில் என்னிடம் 34,000 ரூபாயைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டுக்கு இரவு பகலாக உழைத்த காசு அது. எழுதும்போதும் வயிறு எரிகிறது.

கடை ஏ9 வீதியோரம் இருக்கிறது. கணினி விற்பார்கள், திருத்தியும் கொடுப்பார்கள். நான் கேட்டது என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016 இல் வந்த பாஸ்கல் தலைமுறைக் கார்ட். பழையதுதான், ஆனால் 4 ஜிபி நினைவகம், 768 கூடா கோர்கள் (கணக்குப் போடுகிற சிறு அலகுகள்), 75 வாட் மின்சாரம். என்னிடமுள்ள சின்ன பவர் சப்ளைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

கடைக்காரர் பெட்டியோடு எடுத்து வைத்தார். கார்டின் தலையில் 6 பின் மின்வயர் பூட்டும் வாய் இருந்தது. 1050 டிஐக்கு இது பெரும்பாலும் தேவைப்படாதே என்று கேட்டேன். "இது வேகம் கூடிய மொடல் தம்பி" என்றார். "சந்தேகம் என்றால் பூட்டியே காட்டுகிறேன்" என்று தன் கணினியில் பூட்டி, பூட்டிய பாகங்களின் பெயரைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றே இருந்தது. நினைவகமும் 4 ஜிபி என்று காட்டியது. தேநீர் வரவழைத்தார். அம்மாவின் சுகம் விசாரித்தார். "உங்கள் ஊரில் எனக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். உங்களை ஏமாற்றிவிட்டு நான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா?" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் 34,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளைப் பென்டிரைவில் தந்து, இணையத்திலிருந்து புதியதை இறக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் வேலை தொடங்கியதும் உண்மை வெளியே வந்தது. எடிட் செய்த வீடியோவை வெளியே எடுக்கப் போனால், என்வென்க் இல்லை என்று மென்பொருள் நின்றுவிட்டது. வீடியோவை என்கோட் செய்வதற்கென்றே கார்டுக்குள் இருக்கும் பகுதி அது. 1050 டிஐயில் இல்லாமல் இருக்காது. கொஞ்சம் பெரிய புராஜெக்டைத் திறந்தால் திரை கோடு கோடாகி அப்படியே கறுத்தது. கார்டின் உண்மையான விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' (போலி) என்று எழுதிக் காட்டியது.

விசிறியைக் கழற்றினேன். சூடு கடத்தப் பூசியிருந்து காய்ந்து பொருக்காகிப்போன பேஸ்டைப் பஞ்சால் துடைக்கத் துடைக்க, சிப்பின் மேல் ஜிஎஃப்116 என்ற எழுத்து தெளிந்து வந்தது. ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப்! ஃபெர்மி தலைமுறை, 2011 மார்ச்சில் வந்தது. 192 கோர்கள், 116 வாட் இழுக்கும். வழக்கமாக நினைவகம் 1 ஜிபிதான். என்வென்க் 2012 இல் அடுத்த தலைமுறையான கெப்ளரோடுதான் வந்தது, ஃபெர்மியில் எப்படி இருக்கும்? ஃபெர்மிக்குப் புதிய டிரைவர் கொடுப்பதை என்விடியா 2018 இலேயே நிறுத்திவிட்டது. புதியதை இறக்காதே என்றதன் காரணம் இப்போது விளங்குகிறதா? கார்டின் பயாஸை (அதன் பெயரும் விவரமும் பதிந்திருக்கும் உள் மென்பொருளை) மாற்றி எழுதினால் விண்டோஸ் அந்தப் பொய்ப் பெயரையே வாசித்துக் காட்டும். கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவிச் சாயம் பூசி இளம் எருது என்று விற்கிற அதே வேலை.

தொலைபேசியில் அழைத்தேன். முதலில் விண்டோஸ் பிழை என்றார். பிறகு எங்கள் பக்கத்து மின்சாரம் சரியில்லை என்றார். நேரில் போனபோது, "கொழும்பிலிருந்து வருகிற சாமான், நான் உடைத்தா பார்க்கிறேன்?" என்றார். சிப்பின் படத்தைக் காட்டினேன். "விசிறியைக் கழற்றிவிட்டீர்களே, இனி உத்தரவாதம் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனித்தார். அம்மாவின் சுகம் விசாரித்த அதே மனிதர்! அவர் தந்த பற்றுச்சீட்டைப் பாருங்கள்: "விஜிஏ கார்ட் 1, 34,000". மொடலும் இல்லை, சீரியல் இலக்கமும் இல்லை. திட்டமிட்டே எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் ஜிபியு-இசட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் தெரிகிற பெயரை நம்பவே வேண்டாம். பாஸ்கல் சிப்பால் பழைய மொனிட்டர்களுக்குப் போகிற விஜிஏ சிக்னலை நேரடியாகக் கொடுக்க முடியாது. 1050 டிஐ என்று தருகிற கார்டின் பின்பக்கம் பழைய மொனிட்டருக்கான நீல நிற வாய் இருந்தால் சந்தேகப்படுங்கள். பற்றுச்சீட்டில் மொடலையும் சீரியல் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் காசு கொடுக்காமல் வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள். சிப்பின் படத்தோடும் அந்தப் பற்றுச்சீட்டோடும் என் முறைப்பாடும் அங்கே போகிறது. எனக்கு என் 34,000 ரூபாய் திரும்ப வேண்டும்.