ஜாங்கோ ஓஆர்எம்-ல குரூப் பை: டேஷ்போர்டுக்கு ஓகே, கணக்குக்கு உஷார்

பைத்தான்ல எழுதுறத எஸ்க்யூஎல் குவெரியா மாத்தி டேட்டாபேஸ்கிட்ட கேக்குற ஜாங்கோ ஓஆர்எம் நல்ல சரக்குதான், ஆனா ரோவெல்லாம் வகைவாரியா பிரிச்சு கணக்கு போடுற இந்த குரூப் பை சமாச்சாரத்துக்கு மட்டும் தனியா மார்க் போடணும். முதல் கடுப்பு, குரூப் பைனு ஒரு மெத்தடே கிடையாது. கடைவாரியா மொத்த விற்பனை வேணும்னா வேல்யூஸ்ல கடைய குடுத்துட்டு அப்புறம் அனோட்டேட்ல சம் போடணும், இதையே மாத்தி அனோட்டேட் முதல்ல வேல்யூஸ் பின்னாடினு எழுதுனா ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனி ரோவா வந்து நிக்கும், எர்ரர்லாம் ஒண்ணும் வராது. ஃபில்டரும் இதே கதைதான், அனோட்டேட்டுக்கு முன்னாடி போட்டா வேர் (குரூப் ஆகுறதுக்கு முன்னாடியே ரோவ வடிகட்டும்), டோட்டல் மேல பின்னாடி போட்டா ஹேவிங் (குரூப் ஆன டோட்டல வச்சு வடிகட்டும்).

ஆர்டர் பை இன்னொரு தலைவலி. அதுல தேதிய குடுத்தா தேதியும் சேந்து குரூப் ஆயிடும். முன்னாடி மாடலோட (டேபிளுக்கான பைத்தான் கிளாஸ்) மெட்டால இருக்கிற டீஃபால்ட் ஆர்டரிங்கே சத்தமில்லாம உள்ள பூந்துடும், நல்லவேளை 2020-ல வந்த 3.1-ல அத தூக்கிட்டாங்க. பழைய வெர்ஷன்ல மாட்டிக்கிட்டவங்க ஆர்டர் பைய காலியா கூப்பிட்டா போதும்.

பெரிய ஆபத்து ஜாயின்லதான், அதாவது பல டேபிள ஒண்ணா சேத்து கேக்கும்போது. ஒரு ஆர்டர்ல 3 ஐட்டம், 500 ரூபா வீதம் 2 பேமென்ட்னு வைங்க. ஐட்டம் கவுன்ட்டையும் பேமென்ட் சம்மையும் ஒரே குவெரில கேட்டா ரெண்டும் பெருக்கி 6 ரோ ஆகி, கவுன்ட் 6, பேமென்ட் 3000னு கூசாம சொல்லும். கவுன்ட்டுக்கு டிஸ்டிங்க்ட் போட்டா 3 வந்துடும் சரி, அதே வைத்தியத்த சம்முக்கு பண்ணீங்கனா ரெண்டு 500-ம் ஒண்ணாகி வெறும் 500 நிக்கும், ஆயிரம் எங்க போச்சுனு அக்கவுண்ட்ஸ் ஆளு நம்ம கழுத்த புடிப்பாரு. சம்முக்கு சப்குவெரி (குவெரிக்குள்ள தனி குவெரி), அதுக்குள்ளருந்து வெளி குவெரியோட ரோவ காட்டுற அவுட்டர்ரெஃப்னு போறதுதான் வழி, எழுதுறது கொஞ்சம் நீளம், படிக்கிறது அதவிட கஷ்டம்.

பாராட்டவும் விஷயம் இருக்கு, 2.0-லருந்து சம், கவுன்ட் மாதிரி அக்ரிகேட்டுக்குள்ளயே ஃபில்டர் குடுக்கலாம், கேன்சல் ஆனது எத்தனை டெலிவரி ஆனது எத்தனைனு ஒரே குவெரில அழகா வந்துடுது, முன்னாடி கேஸ் வென்னு எழுதி கை வலிச்சவங்களுக்குதான் அதோட அருமை தெரியும்.

இன்னொரு பைத்தான் ஓஆர்எம்மான எஸ்க்யூஎல்ஆல்கெமில குரூப் பைய நம்மளே வாயவிட்டு எழுதணும், ரெண்டு வரி கூடுதலா போனாலும் என்ன நடக்குதுனு கண்ணுக்கு தெரியும். அதனால பணம் சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டுன்னா என் ஓட்டு அதுக்குதான். ஜாங்கோவேதான் வேணும்னா குவெரிய பிரின்ட் போட்டு குரூப் பைல என்னென்ன ஏறிருக்குனு பாத்துட்டு அப்புறம் டிப்ளாய் பண்ணுங்க.